போத்தல் கடை வாசலில் பள்ளிக்கூட பஸ்

சூடம் காட்டியாயிற்று. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தலைமையாசிரியர் என் கழுத்தில் போட்ட மாலை பிடரியை உறுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. தமிழ்ப்பள்ளித் திடலில் முந்தின நாள் மழையின் செம்மண் சேறு. அதன் நடுவே, நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் பஸ், குளிப்பாட்டி நிறுத்திய யானை மாதிரி நின்றது.

பதினொரு பிள்ளைகள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். புது ரெக்சின் வாசனையும் சூடப் புகையும் கலந்து வந்தது. டிரைவர் சாவியைத் திருப்பவேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் புஷ்பவல்லி வந்தார். பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்ப்பவர். அந்த வருஷம் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் அவர்தான். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், பஸ்ஸை ஒரு முறை வலம் வந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது பள்ளிக்கூட பஸ்ஸா, உங்க கடை லாரியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பஸ்ஸின் இரண்டு பக்கமும், பின்னாலும், சிவப்பு எழுத்தில் இருந்தது இதுதான்: 'அன்பளிப்பு: தொழிலதிபர் மு. தங்கராசு, தங்கராசு மதுபான விற்பனை நிலையம்.' பள்ளியின் பெயரும் இருந்தது. தேடினால் கிடைக்கும்.

நலம்விரும்பி

இந்த இடத்தில் என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வாடிக்கையாளர்கள். அவர்களாவது கேட்பார்கள்.

சிகாமட் பட்டணத்துக்கு வெளியே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு வரிசைக் கடையில் முப்பது வருஷத்துக்கு மேலாக பீரும், ஸ்டவுட்டும், சம்சுவும் விற்கிறேன். சம்சு தெரியாதவர்களுக்கு: உள்ளங்கையில் அடங்கும் சின்ன போத்தலில் வரும் மலிவு சாராயம். போத்தல்தான் சின்னது.

ஊருக்கு என் காசு வேண்டும். என் பெயர்தான் வேண்டாம். கோவில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தேன். கல்வெட்டில் 'ஓர் அன்பர்' என்று போட்டார்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுத்தேன். 'ஒரு நலம்விரும்பி'. வெள்ளம் வந்தபோது மண்டபத்தில் தங்கியிருந்தவர்களுக்கு மூன்று நாள் சோறு போட்டேன். மைக்கில் 'பெயர் சொல்ல விரும்பாத வள்ளல்' என்றார்கள். எனக்குப் பெயர் சொல்ல ரொம்ப விருப்பம். யாரும் கேட்கவில்லை.

ஒரு தடவை கோவிலுக்குப் புதிதாக வந்த செயலாளர் பழைய பட்டியலைப் பார்த்து அழைப்பிதழ் அனுப்பினார். உறையின் மேல் 'உயர்திரு நலம்விரும்பி அவர்கள், போத்தல் கடை' என்று எழுதியிருந்தது. தபால்காரர் நேராக என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அந்த அளவுக்கு ஊரறிந்த ரகசியம்.

அதனால்தான் பஸ்ஸில் ஒரேயடியாக எழுதச் சொன்னேன். பெயிண்டர், "எழுத்து எந்த அளவுக்கு வேணும் தவுக்கே?" என்று கேட்டார். முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். "தூரத்துல இருந்து தெரியணும்" என்றேன்.

சர்பத் கம்பெனி

பெயரை மறைக்கிற வேலையை முதலில் தொடங்கியவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

முசிறிப் பக்கத்திலிருந்து இளவயதில் கடல் தாண்டி இங்கே வந்தவன் நான். கூப்பிட்டவர் என் தாய்மாமன். 'பானங்கள் வியாபாரம்' என்று கடிதத்தில் எழுதியிருந்தார். வந்து பார்த்தால் தோட்டத்துக் கள்ளுக்கடைக் குத்தகை. வாளியும், நுரையும், ஈயும், நடுப்பகலிலேயே பாட்டுமாக இருந்தது. திரும்பிப் போகலாமென்றால் மாமா எடுத்துக் கொடுத்தது வருகிற டிக்கெட் மட்டும். இருந்துவிட்டேன். பிறகு இந்த ஊர்ப் பெண் லெட்சுமியைக் கட்டி, தனிக்கடை போட்டு, லைசென்சும் வாங்கினேன்.

அம்மாவுக்கு மட்டும் 'சர்பத் கம்பெனி' என்று எழுதினேன். அவரும் முசிறி முழுக்க அப்படியே சொல்லி வைத்திருந்தார்.

ஒரு வருஷம் என்னைப் பார்க்க அவரே கிளம்பி வந்துவிட்டார். நான் கடையின் முன்வரிசை முழுக்க ரோஸ் சர்பத், ஆரஞ்சு சர்பத் என்று அடுக்கி வைத்தேன். மற்றதெல்லாம் பின்னால், சாக்குத் திரைக்கு அந்தப்பக்கம். அம்மா கல்லாப்பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களெல்லாம் அவரைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, அந்த... சர்பத்து" என்றார்கள். நான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா சொன்னார்: "சர்பத் குடிச்சுட்டு எவனும் செவத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கமாட்டான்டா."

ஊருக்குத் திரும்பிய பிறகும் சர்பத் கம்பெனி என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்காகப் பொய் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் குடிப்பதில்லை. ஒரு சொட்டுகூட நாக்கில் பட்டதில்லை. இதைச் சொன்னால் ஜனங்கள் மெச்சுவார்கள் என்று நினைத்திருந்தேன். லெட்சுமிதான் ஒரு நாள் கேட்டாள்: "சமைக்கிறவரே அந்தக் கொழம்ப தொடமாட்டேங்கிறாருன்னா, அத எப்படிங்க அடுத்தவனுக்கு ஊத்துறது?"

"நன்றி ஐயா"

சரி, திடலுக்கு வருவோம்.

"கடை பேரு வேணாம்னா அழிச்சிடலாம்மா. என் பேரு மட்டும் இருக்கட்டும்" என்றேன். இதைவிட ஒரு மனிதன் எவ்வளவுதான் இறங்கி வருவான்?

"உங்க பேரும் வேணாம்ணே" என்றார் புஷ்பவல்லி. "உங்க பேரச் சொன்னா கடைதானே ஞாபகம் வருது? காலையில பிள்ளைங்க ஏறும்போது, 'இது எங்கப்பா போற கடை மாமா பஸ்ஸு'ன்னு பேசிக்கும். அந்தப் பேச்சு பள்ளிக்கூடத்துக்குள்ள வேணாம்."

தலைமையாசிரியர் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, "சிக்கிட் லாகி பேசுவோம், சிக்கிட் லாகி" என்று மலாயும் தமிழுமாகக் கெஞ்சினார். இன்னும் கொஞ்சம் பேசலாமாம். எனக்குக் காது சிவந்துவிட்டது. மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"பேரு இல்லன்னா பஸ்ஸும் இல்ல. டிரைவர், வண்டிய திருப்பு."

"பிள்ளைங்க உள்ள இருக்காங்க முதலாளி" என்றார் டிரைவர்.

"எறக்கு."

பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒரு வாரமாக ஒத்திகை நடந்திருக்கிறது: பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொடையாளரைப் பார்த்துக் கை கூப்பி 'நன்றி ஐயா' என்று சொல்லவேண்டும். ஒத்திகையில், போகாமலேயே இறங்க வேண்டிவந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் பதினொரு பிள்ளைகளும் சேற்றில் காலை வைத்து, என் முகத்தைப் பார்த்து, பதினொரு தடவை சொன்னார்கள்.

"நன்றி ஐயா." "நன்றி ஐயா." "நன்றி ஐயா."

நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் ரேடியோவைப் போடப் போனார். வேண்டாம் என்றேன்.

வாசலில் நின்ற தேர்

பஸ்ஸை நிறுத்த எனக்கு வேறு இடம் கிடையாது. கடை வாசலில் நிறுத்தினேன். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றது.

முதல் நாள் வந்த ஒரு வாடிக்கையாளர் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்: "அண்ணே, இனிமே ஏத்திக்கிட்டு வந்து, திருப்பி வீட்டுலயும் எறக்கி விடுவீங்களா? நல்ல சேவைலா."

பீர் கம்பெனி ஏஜெண்டு ஆ செங் போட்டோ எடுத்துக்கொண்டார். "தவுக்கே, பிஸ்னஸ் ஆல்ரெடி எக்ஸ்பேண்டா?" என்றார். ஒரு மலாய்க்கார அம்மா, பையும் பிள்ளையுமாக வந்து, "பாங், பஸ் இனி பெர்கி மானா?" என்று கேட்டார். இந்த பஸ் எங்கே போகிறது? அது எனக்கே தெரியாத விஷயம் என்று மலாயில் எப்படிச் சொல்வது?

லெட்சுமி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காபியை மேசையில் வைத்துக்கொண்டே, "தேரு மாதிரி வாசல்ல நிறுத்திட்டீங்க. தெனமும் சாம்பிராணி போட்டுடவா?" என்றாள்.

"அந்தப் பொம்பளைக்கு அவ்வளவு திமிரு இருக்கப்போய்..."

"திமிரு யாருக்குன்னு சுத்தி வந்து பாருங்க. மூணு பக்கமும் எழுதியிருக்கு."

மூன்றாம் வாரம் தலைமையாசிரியர் போன் செய்தார். தோட்டத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த பழைய வேன் நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறது. பெற்றோர் கொண்டுவந்து விடமுடியாமல் தவிக்கிறார்கள். இரண்டு குடும்பம் பிள்ளைகளை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளிக்கு மாற்ற மனுக் கொடுத்துவிட்டது. "நம்ம பள்ளி சின்ன பள்ளிங்க. நாலு குடும்பம் போனா, அப்புறம் பள்ளிக்கூடம்னு சொல்லிக்க பலகைதான் இருக்கும்" என்றார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனேன். புஷ்பவல்லி வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, "வாங்கண்ணே" என்றார். நாற்காலி போட்டார். பால் ஊற்றாத தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தது அவருடைய மகள், ஐந்தாம் வகுப்பு. பஸ்ஸை விட்டு இறங்கியவர்களில் ஒருத்தி என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கை கூப்ப முடியாமல் இரண்டு கையிலும் கிளாஸ். அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

மகள் உள்ளே போகும்வரை காத்திருந்து நான் ஆரம்பித்தேன். "நான் உங்களுக்கு என்னம்மா தப்பு செஞ்சேன்? ஊரே பாக்க அப்படிப் பேசிட்டீங்களே."

"உங்களுக்கு ஞாபகம் இல்லையாண்ணே?"

"எது?"

"ஒன்பது வருஷம் இருக்கும். இவள இடுப்புல தூக்கிக்கிட்டு உங்க கடைக்கு வந்தேன். 'எங்க வீட்டுக்காரருக்கு சம்சு குடுக்காதீங்கண்ணே, ஈரல் போயிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு'ன்னு கேட்டேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே சில்லறை கொடுப்பார். இந்தப் பெண் வந்ததோ, நின்றதோ, பேசியதோ ஒன்றும் வரவில்லை.

"நான் என்ன சொன்னேன்?"

"'நான் விக்கலன்னா வேற கடையில விப்பான்மா'ன்னு சொன்னீங்க. கோவமா இல்ல, நல்லவிதமாத்தான் சொன்னீங்க. பிள்ளைக்கு ஒரு மிட்டாய்கூட குடுத்தீங்க."

தேத்தண்ணி கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"வழியில அந்த மிட்டாய இவ கையிலேருந்து புடுங்கி வீசிட்டேன். வீடு வர்ற வரைக்கும் அழுதா. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்ல." ஈரத் துணியைப் பிழிந்து ஹாண்டிலில் போட்டார். "உங்களாலதான் செத்தாருன்னு நான் சொல்லலண்ணே. குடிச்சது அவரு. ஆனா அந்த பஸ்ஸு மேல உங்க பேரப் பாத்ததும் எனக்கு அந்த மிட்டாய் ஞாபகம் வந்துருச்சு. அவ்வளவுதான்."

மன்னிப்பு கேட்கவேண்டும் என்று தெரிந்தது. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது மைக்கில் பேசுகிற மாதிரியே இருந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "வரேம்மா" என்று எழுந்தேன்.

"சீனி சரியா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டார்.

"இருந்துச்சும்மா" என்றேன். அவர் சீனியே போடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தின்னரும் துணியும்

அன்றைக்கே மனம் மாறி எல்லாவற்றையும் விட்டெறிந்தேன் என்று எழுதினால் அத்தியாயம் அழகாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. எட்டு நாள் எனக்குள்ளேயே வழக்காடினேன். லைசென்ஸ் வாங்கி முறையாகச் செய்யும் தொழில். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பீர் இல்லையென்றால் எத்தனை மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள்? எல்லாம் சரியான வாதங்கள். ஆனால் ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் ஒரு குழந்தைக்கு நான் மிட்டாய் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் சம்சு கொண்டுவரும் லாரியைத் திருப்பி அனுப்பினேன். இனி வேண்டாம் என்று கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன். பீர், ஸ்டவுட், விஸ்கி அப்படியே இருந்தன. நான் புத்தர் ஆகிவிடவில்லை. லெட்சுமியே சொன்னாள்: "பாதி புத்தர். போதும், முழுசா ஆனா வீட்ட விட்டுப் போயிடுவீங்க."

அன்று மத்தியானம் தின்னரையும் பழைய துணியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸைத் துடைத்தோம். 'மதுபானம்' சுலபமாகப் போய்விட்டது. 'தொழிலதிபர்' கொஞ்சம் அடம் பிடித்தது. 'தங்கராசு' போகவே மாட்டேன் என்றது. நல்ல பெயிண்டர்.

"எதுக்கு இப்படி ஆழமா எழுதச் சொன்னீங்க?" என்று லெட்சுமி மூச்சு வாங்கினாள். கடைசியில் மஞ்சள் பெயிண்டை வாங்கிவந்து அதன்மேல் பூசினோம். வெயில் ஒரு கோணத்தில் விழுந்தால் இன்றும் ஒரு 'ரா' லேசாகத் தெரியும் என்று டிரைவர் சொல்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

திங்கட்கிழமை பஸ் தோட்டத்துக்குப் போயிற்று. மாலை இல்லை, மைக் இல்லை. மாற்று மனுக் கொடுத்த இரண்டு குடும்பத்தில் ஒன்று மனுவைத் திரும்பப் பெற்றது. இன்னொன்று போய்விட்டது. அந்த வீட்டுப் பையன் பதினொரு பேரில் ஒருவன்.

கால் மணி நேரம்

சம்சுவை நிறுத்திய நாலாம் மாதம் பள்ளி விளையாட்டுப் போட்டி. நலம்விரும்பிகளுக்கான கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புஷ்பவல்லி.

எனக்குள் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. அடக்க முடியவில்லை. "ஒண்ணு சொல்லணும்மா. நான் நிறுத்தினதுல யாருக்கு என்ன லாபம்? எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போறாங்க. அந்த ஆளு புதுக் கார் வாங்கிட்டாரு. நான் அன்னிக்குச் சொன்னதுதானே நடக்குது?"

அவர் கொஞ்சம்கூட மறுக்கவில்லை. "ஆமாண்ணே. அங்கதான் போறாங்க."

"அப்புறம்?"

"உங்க கடை தோட்டத்து வாசல்லயே இருக்கு. சம்பளம் வாங்கின உடனே உள்ள நுழைஞ்சிடுவாங்க. அந்தக் கடைக்குப் பாலத்தத் தாண்டி கால் மணி நேரம் நடக்கணும்." ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த பையனுக்குக் கை தட்டிவிட்டுத் தொடர்ந்தார். "கால் மணி நேரம் இருந்தா, பொண்டாட்டி எட்டிப் புடிச்சிடலாம்ணே."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எல்லாரையும் இல்ல. ஓடிப்போற ஆளு ஓடித்தான் போவான். ஆனா தோட்டத்துல இப்ப நாலு பொம்பளைங்க மோட்டார் லைசென்ஸ் எடுத்துட்டாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

போன மாதம் சம்பள நாள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், காரில் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் தோட்டத்துப் பக்கமாக வந்தது. ஓட்டியவர் ஒரு அம்மா. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சட்டை, பெரிய தலைக்கவசம், பார்வை நேராகச் சாலையில். பின்னால், அவர் இடுப்பைப் பிடிக்கவா வேண்டாமா என்ற தவிப்போடு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி உர்ரென்று உட்கார்ந்திருந்தார் அவர் வீட்டுக்காரர். பத்து வருஷமாக என் கடைக்கு வந்தவர். கையில் போத்தல் எதுவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அம்மா திருப்பவில்லை. நான் இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். அவரும் ஒரு தடவை அடித்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டார்.